தெரு பார்த்த கல்

என் அத்தையின் வயிற்றிலிருந்து எடுத்த கல்லை எங்கள் தெருவில் பார்க்காதவர்கள் கிடையாது. அத்தையை நிமிர்ந்து பார்க்கக் கூசியவர்கள்கூட அந்தக் கல்லை ஆசையாகப் பார்த்தார்கள்.

முக்கூடலுக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். எந்நேரமும் வெள்ளைச் சேலை. அது அவளுக்குப் பிடித்த நிறம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான கையோடு மாமா காய்ச்சலில் போய்விட்டாராம். மாமாவின் முகம் எப்படியிருக்கும் என்று கேட்டால், "நான் எங்க பாத்தேன்? அவுக தலப்பாவத்தான் பாத்தேன்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

வலி பெரும்பாலும் மத்தியான வேளையில் வரும். அத்தை உள்ளறையில் சுருண்டு படுத்துச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்வாள். முனகல் தெருவுக்குக் கேட்கக்கூடாது என்று அம்மாவின் உத்தரவு. என் வேலை, சுவரைப் பிடித்துக்கொண்டு அத்தையின் இடுப்பில் ஏறி மிதிப்பது.

"அமுக்கி மிதிளா. நீ என்ன பூனையா?"

நான் கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பேன். வீட்டுக்குப் பின்னால் ஆறு சலசலத்துக்கொண்டே இருக்கும். கூரை ஓட்டின் கண்ணாடி வழியாக விழுந்த வெயில் மூடிய இமைக்குள் சிவப்பாகத் தெரியும். சற்று நேரத்தில் அது அறையே இல்லை. ஏதோ தெப்பத்தில் நின்று நான் ஆற்றோடு போய்க்கொண்டிருப்பேன். காலுக்குக் கீழே தெப்பம் நடுங்கும். எவ்வளவு தூரம் போனேன் என்று தெரியாது. "போதும், எறங்கு" என்று தெப்பம் சொல்லும்போது அதன் சேலையெல்லாம் வியர்வையில் நனைந்திருக்கும்.

வைத்தியர் வந்து கல்லடைப்பு என்றார். நெருஞ்சி முள் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு என்று கொடுத்துப் பார்த்தார். ஆனால் அவர் அப்பாவோடு ஒன்றாகத் தேவாரம் படித்தவர். அவர் வேறு என்னதான் சொல்வார் என்று தெரு கேட்டது. தாலியறுத்த சின்ன வயதுக்காரிக்கு இடுப்பு வலி, வாந்தி. போதாக்குறைக்கு வயிற்றில் ஒரு பக்கம் வீக்கம். தெருவுக்கு வேறென்ன வேண்டும்?

எதிர்வீட்டுப் பெரியம்மை எங்கள் வீட்டுக்கு உறைமோர் வாங்க வருவாள். அன்று மோரை வாங்கிக்கொண்ட பிறகும் நகரவில்லை.

"என்னளா, ஒன் நாத்துனா மொகம் வெளுத்துல்லா கெடக்கு. காலையில வாந்தியெடுத்த சத்தம் எங்க அடுக்களை வரைக்கும் கேட்டுது."

"கல்லடைப்பு அக்கா. வைத்தியரு சொல்லிட்டாரு" என்றாள் அம்மா.

"கல்லா? சரிதான், கல்லுன்னா கல்லுதான். எத்தன மாசத்துக் கல்லாம்?"

அம்மா கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். மருத்துவச்சியை அழைத்திருந்தால் கையை வைத்துப் பார்த்ததுமே உண்மையைச் சொல்லியிருப்பாள். ஆனால் மருத்துவச்சி எங்கள் படியேறினால் அதுவே சாட்சியாகிவிடும் என்று அப்பா அழைக்கவில்லை. அதற்குப் பிறகு அத்தை படித்துறையில் இறங்கினால் மற்றவர்கள் கரையேறிவிடுவார்கள். ஆறு முழுக்க எங்கள் இரண்டு பேருக்கே கிடைத்ததில் எனக்கு ஒரே கும்மாளம். கோயில் திருவிழாவுக்கு அப்பாவைக் கூப்பிட யாரும் வரவில்லை. அப்பா சாப்பாட்டில் கை வைப்பதும் எழுந்துபோவதுமாக இருந்தார்.

கடைசியில் பாளையங்கோட்டையில் பாதிரிமார் நடத்திய ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவாயிற்று. விடியும் முன்பே வில்வண்டி பூட்டினார்கள். அத்தையை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முன்னும் பின்னும் இரட்டைச் சேலை கட்டி மறைத்தார் அப்பா. மறைத்ததுதான் தப்பு. வாசல் தெளிக்க வந்த பெண்கள் வாளியும் கையுமாக நின்று, வண்டி கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார்களாம்.

எனக்கு அந்தப் பயணம் சொப்பனம் போலத்தான் நினைவிருக்கிறது. வலி அன்று ஏனோ அத்தையை விட்டிருந்தது. அம்மா தூங்கிவிழ, அத்தை சேலையை விரல் அகலம் விலக்கி வெளியே பார்த்தாள். பனிக்குள் மருதமரங்கள் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. எங்கோ தண்ணீர் மினுங்கியது.

"ஆறும் நம்ம கூடவே வருது பாத்தியா?" என்றாள். "அதுக்கு யாரும் சேல கட்டி மறைக்கல."

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்தாள். அத்தையின் விலாவுக்குக் கீழே இரண்டு கையாலும் வெகுநேரம் தடவிப் பார்த்தாள். பிறகு, அரிசியில் கல் பொறுக்குவதுபோலத் தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"கல். பெரியது. அறுக்க வேண்டும். அறுக்காவிட்டால் சாவு. அறுத்தாலும் பயம் உண்டு."

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார். "எடுக்கிற கல்ல எங்க கையில குடுத்துருவியளா?"

பக்கத்தில் நின்ற நர்சம்மா பாளையங்கோட்டைக்காரி. அவளுக்குப் பொறுக்கவில்லை. "என்ன அண்ணாச்சி, உசுரு பொழைக்குமான்னுல்லா மொதல்ல கேக்கணும்?"

"அதுவுந்தான்" என்றார் அப்பா.

கட்டிலில் கிடந்த அத்தை அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அறுக்கிற அறையின் கதவு வரைக்கும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போக என்னை விட்டார்கள். உள்ளிருந்து மயக்க மருந்தின் வாடை வந்தது, கனிந்து அழுகின பழம்போல ஒரு தித்திப்பு. வெளியே வேப்பமரத்தடியில் அம்மா மடியில் சாய்ந்ததும் நான் தூங்கிவிட்டேன். அத்தை ஆற்றுமணலில் படுத்திருக்கிறாள். மீன்கள் வந்து அவள் விலாவைக் கொத்திக் கொத்தி உள்ளே போய் வருகின்றன. அவளுக்கு வலிக்கவே இல்லை, கூசுகிறதென்று சிரிக்கிறாள். விழித்தபோது நர்சம்மா அப்பாவிடம் ஒரு குப்பியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார். உள்ளே சுக்குத் துண்டு போல, முண்டும் முடிச்சுமாக, பழுப்பாக ஒரு கல்.

மறுநாள் அத்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. அம்மாவை அவளுக்குத் துணையாக விட்டுவிட்டு, அப்பா என்னையும் குப்பியையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வண்டியை விரட்டினார்.

வீடு வீடாகப் போய் ஒன்றைக் காட்டுவதற்கு எங்கள் வழக்கத்தில் ஒரே முறைதான் உண்டு, கல்யாணத்துக்கு அழைக்கிற முறை. அப்பாவுக்கும் அதுதான் தெரியும். பித்தளைத் தட்டில் குப்பியை வைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, என்னை முன்னால் நடக்கவிட்டுக் கிளம்பினார். ஜனங்களுக்கும் தட்டைக் கண்டால் செய்வது பழகிப்போயிருந்தது. பாய் விரித்தார்கள். வெற்றிலை கொடுத்தார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மை குப்பியை எடுத்துக் குலுக்கினாள். "யம்மாடி! கல்லேதான்!" என்று பழக்கதோஷத்தில் அதைக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். ஒரு வீட்டில் கண் தெரியாத கிழவி தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாப்பிள எந்தூரு?" என்று விசாரித்தாள்.

அத்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்ல நான் காத்துக்கொண்டே இருந்தேன். தெருக்கோடி வரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை.

அத்தை பிழைத்துக்கொண்டாள். அவளைத் திரும்பக் கூட்டிவந்தபோது வண்டிச் சேலைகளை அப்பாவே சுருட்டி மேலே கட்டியிருந்தார். தெரு முழுக்க எங்கள் வீட்டில் கூடியது. படித்துறையிலும் இப்போது யாரும் கரையேறவில்லை. ஆறு பங்காகிப்போனதில் எனக்குத்தான் வருத்தம்.

கூட்டமெல்லாம் ஓய்ந்த ஒரு நாள் அப்பா குப்பியை எடுத்தார். "ஒடம்புல இருந்து வந்த சவம், வீட்டுல எதுக்கு? ஆத்துல போட்டுருதேன்."

"இருக்கட்டும் அண்ணே" என்று அத்தை கையை நீட்டினாள். "இதத் தூக்கிப் போட்டுட்டா, நாளைக்கு எனக்குத் தலவலின்னு வந்தா எதக் கொண்டுபோயிக் காட்டுவிய?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா குப்பியை அவள் கையில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனார்.

அத்தைக்கும் என்னைப் போலவே கல் சேர்க்கும் ஆசை பிடித்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஓடிப்போய் ஆற்றில் இறங்கி, வெள்ளை, கறுப்பு, வரிபோட்டது என்று நல்ல கல்லாகப் பொறுக்கி, பாவாடையில் அள்ளிவந்து அவள் மடியில் கொட்டினேன்.

"இதையும் வச்சுக்கோ அத்தே."

அத்தை ஈரம் சொட்டிய கற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"இம்புட்டுமா எனக்கு?" என்றாள். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "வேணும்தான். வயசு இன்னும் எம்புட்டோ கெடக்கே" என்றாள்.

வயசுக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. கல் பற்றவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மறுபடியும் ஆற்றுக்கு ஓடினேன்.