குணமானதை மறைத்தேன்

என் முதுகுவலி குணமாகிவிட்டது. அதை என் மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இதில் என்ன குற்றம் என்று நீங்கள் நினைக்கலாம். வலியை மறைத்துக்கொண்டு நன்றாக இருப்பதாகச் சொல்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் அதற்கு நேர்மாறானவன்.

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் மேற்பார்வையாளனாக இருந்தேன். மேலே இருப்பவர்கள் உற்பத்தி கேட்பார்கள்; கீழே இருப்பவர்கள் விடுப்பு கேட்பார்கள். நடுவில் நின்ற எனக்கு முதலில் கழுத்து இறுகியது. பிறகு முதுகு, பிறகு நெஞ்செரிச்சல், தூக்கமின்மை... என் சப்பாத்துக் கயிற்றைக்கூட என் மனைவி சரோஜாதான் குனிந்து கட்டிவிட்டாள். படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், எலும்பில் ஒன்றுமில்லை, மன அழுத்தம்தான் என்றார். முதுகு வலிக்கிறது என்று போனால் மனசைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

சரோஜா முருகனிடம் போனாள். எனக்கு வலி போகிறவரை மீனைத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள்.

அவள் கடலோரத்தில், தஞ்சோங் டாவாய்ப் பக்கம் வளர்ந்தவள். கோழியும் ஆடும் அவளுக்கு ஒரு பொருட்டல்ல. நெத்திலிச் சம்பல் இல்லாத சோற்றை அவள் சோறு என்றே ஒப்புக்கொண்டதில்லை. அன்றிலிருந்து எனக்கு மீனைப் பொரித்து வைத்துவிட்டு, தன் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

மருத்துவர் கொடுத்த கடிதத்தால் எனக்குப் பகல் வேலை கிடைத்தது, பொருள் கிடங்கில். மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த மலாய்ப் பெண்மணி மூச்சை நிதானமாக விடச் சொன்னார். தினமும் நடக்கச் சொன்னார். வேண்டா வெறுப்பாகத்தான் செய்தேன். மெல்லத் தூக்கம் திரும்பியது. ஒரு சனிக்கிழமை, சரோஜா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தபோது அடுப்பில் கேஸ் தீர்ந்துவிட்டது. யோசிக்காமல் வாசலில் இருந்த கனமான புது கேஸ் தோங்கைத் தூக்கிவந்து மாட்டினேன். மாட்டிய பிறகுதான் உறைத்தது... எங்கும் வலிக்கவில்லை. அடுப்படியில் தனியாக நின்று அழுதேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லக் கூசுகிறது. அந்தத் தோங்கைக் கழற்றித் தூக்கிக்கொண்டுபோய், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சரோஜா வந்து அதை உருட்டி இழுத்துவந்தாள். நான் எழுந்திருப்பதுபோல் பாவனை செய்தேன்.

"நீங்க கிட்டயே வராதீங்க," என்றாள்.

ஏன் அப்படிச் செய்தேன்? குணமாகிவிட்டது என்றால் மறுபடியும் இரவு ஷிப்டுக்குக் கூப்பிடுவார்கள் என்ற பயம் உண்மைதான். ஆனால் அது தொழிற்சாலையிடம் மறைக்கக் காரணம். பெண்டாட்டியிடம் மறைக்க அது ஒரு காரணமா?

உண்மை இதைவிட அசிங்கமானது. நன்றாக இருக்கிறவனிடம் எல்லாரும் எதையாவது கேட்கிறார்கள். வலியில் கிடக்கிறவனிடம் இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறார்கள். சாயங்காலங்களில் சரோஜா எனக்குத் தைலம் தேய்த்துவிடுவாள்; தேய்த்தபடியே ஊர்க்கதை பேசுவாள். நான் மேற்பார்வையாளனாக இருந்த காலத்தில் நாங்கள் அப்படி உட்கார்ந்து பேசியதே இல்லை. அதை இழக்க எனக்கு மனமில்லை. அவள் ரசம் ஊற்றிக்கொள்வதை மட்டும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தைப்பூசத்துக்கு முன் ஒருநாள், தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"மீனை மட்டும் விட்டது முருகனுக்குப் பத்தல போலங்க. இந்த வருஷம் முடி கொடுத்துடுறேன்."

"எதுக்குலா அதெல்லாம்? வலிதானே, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"உங்களுக்கு என்ன, வலி தாங்கப் பழகிட்டீங்க. பார்க்கிற எனக்குத்தான் முடியல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது... எவ்வளவு நாளாக என்று கேட்பாளே! அந்தக் கேள்விக்குப் பயந்து குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

கோயிலில் அவள் கைப்பையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். இடுப்பைத் தாண்டும் கூந்தல் அவளுக்கு. அதில் நரை ஒன்றுகூட இல்லை. எல்லாம் மடியில் விழுந்து முடிந்ததும் தலையைத் தடவிப் பார்த்து, என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தாள். சந்தனத்தை நான்தான் பூசிவிட்டேன். பாதியில் கையை எடுத்துவிட்டேன். முதுகு வலிக்கிறது என்று நினைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் தாமானில், அடுத்த தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மா எதிரே வந்தார்.

"யாருக்கும்மா வேண்டுதல்?"

"இவருக்குத்தான்கா. முதுகு வலி, விடவே மாட்டேங்குது."

அந்த அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். என் கை தானாகவே போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டது.