மழையில்லாத ஏழு நாட்களும் பாலாவி உப்பளமும்

"வடமேல் மாகாணத்தில் இவ்வாரம் முழுவதும் பிரதானமாக வறட்சியான வானிலை நிலவும்." ஓகஸ்ட் மாதக் கடைசியில் வானொலியில் இதனைக் கேட்ட கணத்திலேயே பயணத்தைத் தீர்மானித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டவள் நான். செம்மையான தமிழை எனக்குக் கற்பித்தவற்றுள் வானிலை அறிக்கையும் ஒன்று. நாள்தோறும் அதனைக் கொப்பியில் எழுதிவைப்பேன்.

போவதற்குக் காரணமும் இருந்தது. சிலாபத்துத் தையல் வகுப்பில் பழகிய தோழி பௌசியா, 1990இல் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து பாலாவிக்கு அருகே குடியேறிய குடும்பத்தவர். பதினொரு ஆண்டுகள் பிறருடைய உப்பளங்களில் உழைத்தவர், இவ்வாண்டுதான் ஒரு பாத்தியைத் தம் பெயரில் குத்தகைக்கு எடுத்திருந்தார். முதல் அறுவடை சனிக்கிழமை என்று குறித்திருந்தார். "மழை வருமா அக்கா?" என்று திங்களன்று கேட்டிருந்தார். "ஏழு நாட்களும் மழையில்லை, அச்சம் வேண்டாம்" என்று பதில் அனுப்பினேன்.

அறுவடைக்கு முன் பாத்தியைப் பார்த்துவரலாமென்று புதன்கிழமை காலை 6.40க்குச் சிலாபத்தில் புத்தளம் பஸ் ஏறினேன். பாலாவிச் சந்தி 46 கிலோமீட்டர், கட்டணம் 190 ரூபாய், 8.05க்கு இறங்கினேன். (இடப்பக்க இருக்கையில் அமருங்கள், காலை வெயில் படாது.) அங்கிருந்து உப்பளம் மூன்று கிலோமீட்டர், ஓட்டோவுக்கு 400 ரூபாய். நான் குடையை விரிக்க முயன்றதைப் பார்த்து ஓட்டுநர் சொன்னார்: "மிஸ், அத மடக்குங்க. இந்தக் காத்து குடையையும் கொண்டுபோகும், உங்களையும் கொண்டுபோகும்."

சிரித்தேன். சிந்திக்கவில்லை.

பௌசியா பாணும் சம்பலும் தேநீரும் தந்து, தம் பாத்தியைக் காட்டினார். கலங்கிய நீருக்கடியில் உப்பு வெள்ளையாக உறைந்து கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கையில் அடுத்த பாத்தியின் கங்காணி, எல்லாரும் அண்ணன் முறையில் ‘நானா’ என்றழைக்கும் ஹனீபா நானா, வரம்பில் வந்து நின்றார். குனிந்து விரலை நீரில் விட்டார். இரண்டு விரற்கடை ஆழம்கூட இல்லை.

"பௌசியா, தண்ணி எங்க?"

"சனிக்கிழம வரைக்கும் கிடக்கும்தானே நானா?"

"ஓம், கிடக்கும். நாளைக்கே காஞ்சி கிடக்கும். மழைக்குப் பயந்தீங்க. காத்துக்கு யாரு பயந்த?"

உப்பின்மேல் நிற்கும் நீர் முற்றாக வற்றிவிடக் கூடாதாம். கசப்பெல்லாம் அந்தக் கடைசி நீரில்தான் தங்கும். அறுவடைக்கு முன் அதை மதகு திறந்து வெளியேற்ற வேண்டும். பாத்தியிலேயே வற்றினால் உப்பும் கசக்கும், வியாபாரி தொடமாட்டார். புதுநீர் விடலாமே என்று கேட்டேன். "பக்கத்துத் தொட்டியில இன்னும் முத்தாத தண்ணி. அத விட்டா இருக்கிற உப்பும் கரஞ்சிரும்" என்றார் நானா.

பௌசியா என்னைக் குற்றஞ்சாட்டவில்லை. மெதுவாகச் சொன்னார்: "மழ இல்லையெண்டு அக்கா போட்டீங்க. சனிக்கிழம வரைக்கும் உப்பு இன்னும் தடிக்கட்டும் எண்டு ஆக்கள வேற அளத்துக்கு அனுப்பிட்டன்."

கொப்பியைத் திறந்தேன். மழையில்லை என்ற வரியின் கீழ் என் கையெழுத்திலேயே அடுத்த வரி: "காற்று அவ்வப்போது மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வரை பலமாக வீசும்." அறிக்கையில் பிழையில்லை. பாதியை மட்டும் அனுப்பியவள் நான். அதனை இருவரிடமும் சொன்னேன்.

"சரி சரி, அழுது உப்புத்தண்ணி கூட்ட ஏலாது" என்றார் நானா. "இண்டைக்கே வாருவம்."

பௌசியாவின் மதினியும் அயல்வீட்டுப் பெண்கள் நால்வரும் பதினொரு மணிக்குள் வந்துவிட்டார்கள். கால் கிழியாதிருக்க எனக்கும் பழைய காலுறைகள் தந்தார்கள். ஒன்று நீலம், மற்றது பள்ளிக்கூட வெள்ளை. நானா மதகைத் திறந்து கசப்பு நீரை வடித்தார். பலகை பொருத்திய நீண்ட கோல்களால் உப்பை வாரிக் குவித்து, கூடைகளில் வரம்புக்கு ஏற்றினோம். நான் சற்று மூச்சுவாங்கி நின்றபோது மதினி குரல் கொடுத்தார்: "அறிக்கை வாசிச்சது காணும் அக்கா, கோலப் பிடிங்க!"

ஐந்து மணிக்கு நானா ஓர் உப்புக்கல்லை நாவில் வைத்தார். பௌசியா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"கசப்பில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அமர்ந்தேவிட்டார் பௌசியா. காற்று நீரை ஒருபக்கமாக ஒதுக்கியதால் தென்மேற்கு மூலை மட்டும் முன்னரே வற்றிக் கசந்திருந்தது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதனைத் தனியே ஒதுக்கினார்கள். அந்தச் சிறு குவியலை நான் பலமுறை திரும்பிப் பார்த்தேன். மற்றதைப் பின்னிய தென்னோலைக் கிடுகால் மூடி, காற்று தூக்காதபடி கயிறும் கல்லும் வைத்தோம்.

போக விரும்புவோருக்கு: அனுமதி கேட்டே வரம்பில் ஏறுங்கள். ஒன்பது மணிக்கு முன் செல்லுங்கள். நாடாவால் கட்டும் தொப்பி, இரண்டு லீற்றர் குடிநீர், பழைய காலுறைகள் அவசியம். திரும்பும் பஸ் சந்தியில் 6.15க்குக் கிடைத்தது. என் பிழையை அறிந்த பின்னும் கோலொன்றைக் கையில் தந்த அந்தப் பெண்களுக்கு நான் என்றும் நன்றியுடையவள்.

மறுநாள் காலை பௌசியாவிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, வாற கிழமைக்கு என்ன சொல்றாங்க? காத்த முதல்ல சொல்லுங்க."

இனி என்னிடம் கேட்கமாட்டார் என்று எண்ணியிருந்தேன். அறிக்கை முழுவதையும், ஒரு சொல்லும் விடாமல், காற்றிலிருந்து தொடங்கி எழுதி அனுப்பினேன்.