ஸ்லைஸா, கட்டியா

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு எதிரே, பாய் கடைப் பேக்கரியில் டீ குடிக்கிறேன். தூக்குவாளியோடு வந்தவர் சீஸ் கேட்கிறார். வாளியில் அவித்த வான்கோழிக் கறி, வீட்டில் வளர்த்ததாம். எதிரே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அவருடைய மனைவி குவைத்தில் சமையல் வேலை பார்த்தவர். அங்கே செய்த மாதிரி பிரெட்டுக்கு நடுவே கறியும் சீஸும் வைத்துத் தின்ன ஆசைப்படுகிறாராம்.

பாய் ஸ்லைஸ் ஒன்றும் கட்டி ஒன்றுமாக எடுத்து வைக்கிறார்.

"எது சார் நல்லாருக்கும்?" என்று வாளிக்காரர் என்னைக் கேட்கிறார்.

"ஸ்லைஸ் சீக்கிரம் உருகும். ஆனா உப்பு ஜாஸ்தி."

"உப்பு இனிமே பரவால்லீங்க. கிட்னிக்காக இத்தினி நாளும் உப்பே காட்டல. காலைல பெரிய டாக்டரே சொல்லிட்டாரு, பத்தியம் வாணாம், ஆசப்பட்டத குடுங்கன்னு. தேறிக்கினு வரா."

எந்த நோயாளிக்கு டாக்டர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பாய்க்கும் தெரிந்திருக்கிறது. நிமிராமல் பிரெட்டை வெட்டுகிறார்.

வாளிக்காரர் ஸ்லைஸ் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"நெறைய இருக்குதே. மீதிய நாளைக்கு வெச்சிக்கலாமா பாய்?"

"வெயில்ல கெட்டுடுங்க," என்கிறார் பாய். "இன்னைக்கே குடுத்துடுங்க."