குதிரையை விட்டு இறங்கியவன்

எங்கள் ஊர் ஆடுகள் எல்லாம் கோடையில் என் தம்பி எசென்பெக்கோடுதான் மலைக்குப் போகும். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஆடுகளை நம்பி அவனிடம் ஒப்படைப்பார்கள். மே மாதக் கடைசியில் கணவாயைத் தாண்டினான் என்றால் இலையுதிரும்போதுதான் திரும்புவான். அவனைவிட நான் ஆறு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றவள், துணி தைக்கிறேன். அளவெடுப்பதில் பிசகமாட்டேன். இதையும் கூட்டாமல் குறைக்காமல்தான் சொல்கிறேன்.

போன குளிர்காலத்தில் அவனுக்குத் தாகம் அடங்கவில்லை. ஒரு கெட்டில் தேநீரைத் தனியாகவே குடித்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினான். காலில் பட்ட சின்னக் கீறல் ஆறவேயில்லை. நான்தான் நாரின் நகரத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டர் பெர்மெத் ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை என்றார். எங்கள் பக்கத்துக் கருவியின் கணக்கே வேறு, வெறும் வயிற்றில் ஏழுக்குள் இருந்தால் நல்லது. அவனுக்குப் பதினான்கு.

"நாலு மாசம் மலைமேல இருக்கீங்க. அங்க உங்களுக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பாங்க, ஆடு பாக்குமா?" என்று டாக்டர் கேட்டார்.

"அப்ப போகக் கூடாதுங்கிறீங்களா டாக்டரம்மா?"

"மாத்திரை குடுக்கிறேன். தினமும் வேர்க்க வேர்க்க நடங்க. விரல்ல குத்தி நீங்களே பாருங்க. மே மாசம் வாங்க. வெறும் வயித்துல ஏழுக்குள்ள நின்னா போகலாம். இல்லைன்னா இந்தக் கோடைய மறந்துடுங்க."

வெளியே வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "மலைக்குப் போகாம நான் என்னக்கா பண்ணுவேன்? வீட்ல உக்காந்து தொலைக்காட்சியா பாக்கறது?" என்றான். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாத. சீக்காளிய நம்பி எவன் ஆடு விடுவான்" என்றான்.

மறுநாளே நடக்கத் தொடங்கினான். அதில்தான் சிக்கல். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் நடப்பதில்லை. எதிர்வீட்டுக்குப் போவதானாலும் குதிரைமேல்தான். நடந்து வருகிற மனிதனைப் பார்த்தும் ஏற்றிக்கொள்ளாமல் போனால் அது மரியாதைக் கேடு. ஆகவே முதல் நாள் ஆற்றோரம் போனவனை மூன்று பேர் நிறுத்திக் குதிரையில் ஏறச் சொன்னார்கள். "வேணாம், சும்மா நடக்கிறேன்" என்றால் யாருக்கும் புரியவில்லை. சும்மா யாராவது நடப்பார்களா? கடைசியில் அவர்களில் ஒரு கிழவர் கட்டாயப்படுத்தி ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார்.

"எவ்ளோ நடந்தே?" என்று கேட்டேன்.

"பாலம் வரைக்கும். மிச்சம் கிழவன் குதிரை நடந்துச்சு. அதுக்குச் சர்க்கரை குறைஞ்சிருக்கும்."

மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்தான். தன் குதிரையை லகானைப் பிடித்துக் கூடவே நடத்திப் போனான். குதிரை இருக்கிறவனை யாரும் ஏறச் சொல்ல மாட்டார்கள் அல்லவா. உண்மைதான், யாரும் ஏறச் சொல்லவில்லை. நிம்மதியாக நடந்தான். வேர்த்துக் கொட்ட வந்து, கையைக் கழுவித் துடைத்து, விரலில் குத்திப் பார்ப்பான். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணைப் படிப்பேன்.

"அக்கா, போகும்போது பதினொண்ணு. இப்ப எட்டரை. மீதி எங்க போச்சு?"

"வழியில சிந்திட்டு வந்திருக்கே. போ, நாளைக்கும் சிந்து."

அப்போது அவன் சிரித்த சிரிப்பை இத்தனை வருடங்களில் அவனிடம் நான் கேட்டதில்லை. ஜாமைத் தொடுவதில்லை, ரொட்டியைப் பாதியாகப் பிட்டுக்கொண்டான், தேநீரில் சர்க்கரையை நிறுத்தினான். அவன் மனைவி கனிஷாய் பூர்சோக் என்கிற மாவுத் துண்டுகளை எண்ணெயில் பொரித்தால் வாசனைக்குப் பயந்து தொழுவத்துக்குப் போய்விடுவான். பனி உருகும்போது எண் எட்டுக்குக் கீழே வந்தது. இடுப்புப் பட்டியில் நானே புதிதாகத் துளை போட்டுக் கொடுத்தேன். மே மாதம் டாக்டரிடம் போனோம். ஆறு புள்ளி நாலு. டாக்டர் அதே விரலில் இன்னொரு தடவை குத்தினார். மறுபடியும் அதேதான்.

"போய்ட்டு வாங்க" என்றார். "மாத்திரையும் கருவியும் பையிலயே இருக்கணும். தலை சுத்தினா வாயில போட்டுக்கச் சட்டைப்பையில கொஞ்சம் சர்க்கரைக் கட்டி இருக்கட்டும்."

பேருந்தில் வழி நெடுக மேய்ச்சல் நிலத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். ஊரில் இறங்கியதும் கால்நடை மருத்துவர் எங்களுக்காகக் காத்திருந்தார்.

"எசென்பெக், குதிரைக்கு எந்தக் கால்?"

"எந்தக் கால்னா?"

"மூணு மாசமா நொண்டுற குதிரைய நடத்திக்கிட்டுத் திரியறியாமே. ஊரே சொல்லுது. ஒமுர்சக் வீட்ல எல்லாரும் கூடியிருக்காங்க. சொந்தக் குதிரையவே காப்பாத்தத் தெரியாதவன்கிட்ட ஆட்ட எப்படி விடறதுன்னு பேச்சு. ஆட்டையெல்லாம் வேற மேய்ப்பன்கிட்ட குடுக்கப் போறாங்க."

என் தம்பியின் முகம் வெளுத்துப்போனது. நான் அவன் கையைப் பிடித்தேன். "இனி மறைக்க முடியாதுடா. வா, அந்த மந்தையில என் ஆடும் இருக்கு, எனக்கும் பேச உரிமை உண்டு."

ஊரிலேயே பெரிய மந்தை ஒமுர்சக்கினுடையது, பெரிய வயிறும் அவருடையதுதான். தரையில் போட்ட சாப்பாட்டு விரிப்பு முழுக்கப் பூர்சோக்கும் ஜாமும் மிட்டாயும்.

"வாப்பா. குதிரைய எங்க விட்டே, ஆஸ்பத்திரிலயா?" என்றார் ஒமுர்சக். எல்லோரும் சிரித்தார்கள்.

"குதிரைக்கு ஒண்ணுமில்ல அண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போனது நான்தான்" என்றான் எசென்பெக். "எனக்குச் சர்க்கரை. அதுக்குத்தான் நடந்தேன். ஏறு ஏறுன்னு நீங்க விடல, அதான் குதிரையத் துணைக்குக் கூட்டிட்டுப் போனேன்."

சிரிப்பு அடங்கியது. நான் பயந்தது இதற்குத்தான்.

"சீக்காளியா மலைக்குப் போறே?" என்று ஒருவர் இழுத்தார்.

எசென்பெக் பையிலிருந்து கருவியை எடுத்தான். கை கழுவத் தண்ணீர் கேட்டான். எல்லோர் முன்பாகவும் விரலில் குத்திக்கொண்டான். நான் எண்ணைச் சத்தமாகப் படித்தேன். ஆறு புள்ளி ஒன்பது. "இது நல்ல எண். டாக்டரே போகச் சொல்லிட்டாங்க" என்றேன்.

"அந்தப் பெட்டி யாருக்கும் அதத்தான் காட்டும்" என்று ஒமுர்சக் விரலை நீட்டினார். புது ஊசி மாட்டி நானே குத்தினேன். பத்தொன்பது.

"கையில ஜாம் இருக்குக்கா" என்றான் என் தம்பி. "கழுவச் சொல்லு. இல்லைன்னா கணக்குத் தப்பாயிடும்."

ஒமுர்சக் சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடியும் புது ஊசி. பதிமூன்று புள்ளி எட்டு. ஒமுர்சக்கின் மனைவி எழுந்து வந்து அவர் முன்னாலிருந்த ஜாம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"இது என்ன, நிஜமா?" என்றார் அவர் மெல்ல.

"நாளைக்கே டாக்டரம்மாகிட்ட போங்க அண்ணே. எனக்கும் பதினாலுலருந்துதான் ஆரம்பிச்சுது. இப்ப பாருங்க" என்றான் எசென்பெக். அவன் குரலில் கேலி துளியும் இல்லை.

ஒமுர்சக் குத்திய விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "தன் உடம்ப இப்படிக் காக்கிறவன் என் ஆட்டக் காக்க மாட்டானா? என்னோடது இவன்கூடத்தான் போகுது. உங்களது உங்க இஷ்டம்."

அவர் மந்தை போனால் ஊர் மந்தை போகும். அன்று என்னிடமிருந்த ஊசி முழுதும் தீர்ந்தது. ஆளாளுக்கு விரலை நீட்டினார்கள். ஐந்து என்று வந்த ஒரு கிழவர் பந்தயத்தில் ஜெயித்தவர் போல அறையைச் சுற்றி வந்தார்.

என் தம்பி இப்போது மலையில் இருக்கிறான். கூடாரம் போட்ட இடத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. மேலே பாறை முகட்டில் ஏறினால்தான் கிடைக்கும். அங்கே குதிரை ஏறாது. தினமும் சாயங்காலம் அவனே ஏறுகிறான். நான் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். நேற்று முதலில் மூச்சுதான் கேட்டது.

"அக்கா, ஆறு புள்ளி ரெண்டு. ஆடெல்லாம் சௌக்கியம். ஒமுர்சக் அண்ணன்கிட்டச் சொல்லு."

"அவர் இங்கதான் நிக்கறார். தினம் நீ கூப்பிடற நேரத்துக்கு நடந்தே வந்துடறார்."

"எவ்ளோ இருக்காம் அவருக்கு?"

ஒமுர்சக் போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "ஒம்போதுடா தம்பி. நீ இறங்கி வர்றதுக்குள்ள உன்னப் பிடிச்சுடுவேன், பாரு."