மாமா சேர்க்கச் சொன்ன ஒரு வரி

மாமாவைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷம் ஓட்டிவிட்டேன். எழுதினால் மகளுடைய வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று ஒரு பயம். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு கூச்சம். போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்றபோது மனசு நிலைகொள்ளவில்லை. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊர் சொல்வதே நிஜமாகிவிடும் என்று தோன்றியது.

கண்ணை மூடினால் முதலில் வருவது ஹட்டனில் ஹாஜியாரின் துணிக்கடைதான். மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பா, அந்தக் கடை வாங்குப் பலகையின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். தேர்த் திருவிழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. கையில் பேனா. எழுதவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

மாமா கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடுகிற வேலை. பிறந்தது அதே தோட்டத்து வரிசை வீட்டு லயத்தில்தான், ஆனாலும் பாதி ஆயுசு வரைக்கும் அவருக்கு நாடு கிடையாது. இந்தியாவும் எடுக்கவில்லை, இலங்கையும் எடுக்கவில்லை. திருட்டுத்தனமாகக் கடல் தாண்டி வந்தவன் என்ற அர்த்தத்தில் பஜாரில் யாரோ "கள்ளத்தோணி" என்று கத்தியதைச் சாகும்வரை சொல்லுவார். "தோணிய நான் படத்துலகூட பாத்ததில்ல புள்ள" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். பிரஜாவுரிமை கிடைத்த அன்றைக்குக் கோயிலில் பொங்கல் வைத்து லயம் முழுக்கக் கொடுத்தாராம்.

அதற்குப் பிறகுதான் என் மகள் பிறந்தாள். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றதால், பிறப்புப் பதியப் போனது மாமா. பதிவுக்காரர் வழக்கம்போல "இந்தியத் தமிழர்னு போடவா?" என்று கேட்டிருக்கிறார். மாமா நெஞ்சை நிமிர்த்தி, "இலங்கைத் தமிழர்னு போடுங்கய்யா. இப்ப நாங்க இந்த நாட்டு ஆளுங்க" என்றிருக்கிறார். எங்கள் லயத்தில் இன்னும் சில வீடுகளிலும் அப்படித்தான் பதிந்தார்கள். கொஞ்சம் பெருமை, கொஞ்சம் பயம். பின்னால் இதுவே பிழையாகிப் போனது. இந்தப் பிழையை எங்கள் சனத்தைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. இலங்கையின் வடக்கில் இருக்கிற தமிழர்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

மகள் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய பிறகு, தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு மலையகத்து இந்திய வம்சாவளிப் பிள்ளைகளையே ஆசிரியராக எடுக்கிறார்கள் என்று அறிவித்தார்கள். காலங்காலமாகப் பின்னால் நின்ற சனம் என்பதால் தனி ஒதுக்கீடு. நேர்முகத்துக்குப் போனவள் முகம் செத்துத் திரும்பி வந்தாள். பிறப்புச் சான்றிதழில் இலங்கைத் தமிழர் என்று இருக்கிறது, ஒதுக்கீட்டில் சேர்க்க முடியாது என்றார்களாம். பதிந்த ஆளே, நாங்கள் இந்திய வம்சாவளி என்று சத்தியக் கடதாசி கொடுத்தால் பார்க்கலாமாம்.

மாமா முடியாது என்றுவிட்டார்.

"அன்னைக்கு இந்தியாக்காரன்னு சொல்லி வெளிய நிறுத்துனாங்க. இன்னைக்கு இந்தியாக்காரன்னு சொன்னாத்தான் உள்ள வரலாமா? எந்த வாயால புள்ள சத்தியம் பண்ணுவேன்?"

மகளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "உங்க ரோசத்துக்கு நான் கொழுந்துக் கூடையத் தூக்கணுமா தாத்தா? உங்க தாத்தா திருச்சியில இருந்துதானே வந்தாரு? பொய்யா சொல்லச் சொல்றாங்க?"

அவள் கேட்டதும் நியாயம், அவர் சொன்னதும் நியாயம். நான் அடுப்படியில் நின்றுகொண்டு அம்மனைக் கூப்பிட்டேன். வேறென்ன செய்வது? ரெண்டு நாள் போனது. பிறகு ஒரு காலையில் மாமா தானாகவே வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வாங்க, ஹாஜியார்கிட்ட போவோம்" என்றார்.

ஹாஜியார் ஒரு சமாதான நீதவான், சத்தியக் கடதாசி எழுதி உறுதிப்படுத்த அதிகாரம் உள்ளவர். அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. கணக்கில் அந்தப் பிள்ளைதான் எப்போதும் முதல். ஆனால் டவுன் முஸ்லிம் பிள்ளை என்பதால் இந்த ஒதுக்கீட்டுக்கு அவள் விண்ணப்பிக்கவே முடியாது. அது தெரிந்துதான் மாமாவுக்குப் பேனா ஓடவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

"ஹாஜியாரே, ஒங்க புள்ளயும் படிச்ச புள்ளதானே?"

"அவளுக்கு ஏலாது அண்ணன். நாங்க தோட்டத்து ஆக்கள் இல்லியே." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வீட்டுல அழுதிட்டுத்தான் ஈக்கிறா. அதுக்காக ஒங்கட பேத்தியும் அழணுமா? கையெழுத்த வைங்க."

மாமா யோசித்துவிட்டு, "அப்ப ஒரு வரி சேத்துப் போடுங்க" என்றார். "நாங்க இந்த நாட்டுப் பிரஜைகள். இங்கதான் பொறந்தோம், இங்கதான் சாவோம்னு."

"சாவுறதெல்லாம் கடதாசில போட ஏலாது அண்ணன்" என்றார் ஹாஜியார். ஆனாலும் பிரஜைகள், இங்கேயே பிறந்தோம் என்பது மட்டும் வருகிற மாதிரி ஒரு வரி எழுதினார். மாமா அதை ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

மறுநாள் ஆபீசில் அதிகாரி கடதாசியை வாசித்தார். கெட்ட மனுஷன் இல்லை. எங்களுக்கு உட்காரக் கதிரை கொடுத்தார். அந்த வரியில் விரலை வைத்து, பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும், "இது தேவையில்லை ஐயா. சும்மா குழப்பம். மேலே அனுப்பினால் திருப்பி விடுவாங்க" என்றார். சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குப் பக்கத்தில் மாமாவைக் கையெழுத்து வைக்கச் சொன்னார்.

மாமா மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வேணாம் தாத்தா, வாங்க போவோம்" என்று அவள் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கும். கேட்டதும் கையெழுத்தை வைத்துவிட்டார். தன் பெயரை முழுசாக, மெதுவாக, அந்த அடித்த வரிக்குப் பக்கத்தில்.

பஸ்ஸில் வரும்போது, "பாப்பா, பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

வேலை கிடைத்தது. திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் படிப்பிக்கிறாள். அவள் வகுப்பிலிருந்து பிள்ளைகள் பாஸாகி வெளியே போகிறார்கள். அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் அங்கே யார் போயிருப்பார்கள்? ஆனாலும் ஆசிரியர் அறையில் யாராவது "கோட்டா டீச்சர்" என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது அவளுக்கு. ஹாஜியாரின் மகள் டிக்கோயாவில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். ரெண்டு பேரும் பஸ்ஸில் கண்டால் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் பேசுவார்களாம், வேலையைத் தவிர. யாருக்குக் கொடுத்தது சரி, யாருக்கு மறுத்தது பிழை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கும்பிடும்போதும் அந்தப் பிள்ளையின் முகம் வருகிறது. அவளுக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். போன சனக் கணக்கெடுப்புக்கு வந்த தம்பி "மலையகத் தமிழர்னு போடவா அம்மா?" என்று கேட்டபோது, இந்தியா என்ற சொல்லே இல்லாத அந்தப் பெயரைக் கேட்க அவர் இல்லையே என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினேன். எங்கள் சொந்தத்திலேயே, "கெழவன் வீம்பு புடிச்சு பேத்தி வேலையக் கெடுக்கப் பாத்தாரு" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர் கெடுக்கவில்லை. கொடுத்தார். எதைக் கொடுத்தார் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

இதை வாசிக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அவரைப் பெரிய ஆளாக்க வேண்டாம், ஆபீஸ்காரரைத் திட்டவும் வேண்டாம், ஹாஜியார் மகளை மறந்துவிடவும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அந்த ஒரு வரி வரும்போது மட்டும் அடிக்காமல், முழுசாகச் சொல்லுங்கள்.