ஜெனரேட்டர் பெட்டிக்குள் புகைந்த ஸ்பாஞ்சு

மலேசியாவின் லூமுட் துறையிலிருந்து தூண்டில் போட வருகிறவர்களை ஏற்றிச் செல்லும் படகொன்றில் நான் மெக்கானிக். படகின் அறையைக் குளிர்விக்கும் ஏர்கோனுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். சத்தம் வெளியே வராமலிருக்க, உள்ளே கனமான ஸ்பாஞ்சு ஒட்டியிருப்பார்கள். அது சில மாதங்களாகவே உதிர்ந்து தொங்கியது. சத்தம்தானே என்று டேப் போட்டு ஒட்டிக்கொண்டே வந்தேன்.

அன்று நடுப்பகல். கரையை விட்டு வெகுதூரம் வந்திருந்தோம். எட்டுப் பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். படகில் சமைக்கும் ராணி அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, ஏதோ பொசுங்கற வாடை வருதுலா."

"உங்க அடுப்பா இருக்கும்க்கா."

"அடுப்பு இன்னும் பத்தவே வைக்கல."

ஓடினேன். பெட்டியின் இடுக்கு வழியே மஞ்சள் புகை கசிந்தது. மூடியைத் திறக்கப் போன என் கையை அக்கா பிடித்து இழுத்தார்.

"தொறக்காத! காத்து பட்டா குப்புனு புடிச்சிக்கும். மொதல்ல நிறுத்து!"

ஜெனரேட்டரை நிறுத்தி, டீசல் வால்வை அடைத்தேன். தீயணைப்பானைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்றேன். மூடியின் பெயிண்ட் கொப்பளித்தது. பிறகுதான் புகை மெல்ல அடங்கியது.

படகைத் திருப்பிக் கரைக்கு வந்ததும் திறந்து பார்த்தோம். தொங்கிய ஸ்பாஞ்சு சூடான புகைக்குழாய் மேல் விழுந்து கருகியிருந்தது. பக்கத்திலிருந்த டீசல் குழாய் பாதி உருகியிருந்தது. மிச்ச ஸ்பாஞ்சைப் பிழிந்தேன். பல நாளாகக் கசிந்து அதில் ஊறியிருந்த டீசல் சொட்டியது.

இப்போது எண்ணெய் உறிஞ்சாத பலகைகளை உள்ளே ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறேன். புறப்படும் முன் ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்ப்பேன். ஒன்று ஆடினாலும் அன்று ஜெனரேட்டர் ஓடாது. ஏர்கோன் கேட்டுக் கத்துகிறவர்கள் கத்தட்டும்.