ஐலிஃபின் தாடை

ஐலிஃப் எரிந்த கட்டடங்களுக்குள் போகிறவன். தீயணைப்புக்காரர்கள் வேலையை முடித்துக் குழாயைச் சுருட்டிய பிறகு அவன் வேலை தொடங்கும். தீ எங்கே பிடித்தது, எதனால் பிடித்தது என்று சாம்பலைக் கிளறிச் சொல்ல வேண்டும். உத்தியோகம் போலீஸில், உடம்பு முழுக்கக் கரி. நான் துரிட், மின்சார ஆய்வாளர். ஒயரில் கோளாறா என்று பார்க்க அவன் கூடவே போவேன். எத்தனையோ வருஷமாக இரண்டு பேரும் ஒரே சாம்பலில்தான் சண்டை போட்டு வருகிறோம்.

எங்கள் கடலோர ஊரான ஸ்கார்வோயில் யாரைக் கேட்டாலும் அவனைப் பற்றி முதலில் சொல்வது தாடியைத்தான். மார்பு வரை இறங்கும் செம்பட்டைத் தாடி. ஒவ்வொரு கோடையிலும் கடற்கரையில் ஊரே சேர்ந்து போடும் பழங்கால நாடகத்தில் ராஜா வேஷம் அவனுக்குத்தான். நடிப்பு சுமார். தாடிக்காகக் கொடுத்த வேஷம் அது, அவனுக்கும் அது தெரியும். அவன் மனைவி மோல்ஃப்ரிட் கல்யாணமான நாளிலிருந்து அவன் தாடையைப் பார்த்ததில்லை. "இருக்கும்னு நம்பித்தான் கட்டிக்கிட்டேன்" என்பாள்.

எனக்கு மட்டும் அந்தத் தாடியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் அது முகமூடி. நடுவில் தாடி இருந்தால் சும்மா ஓர் அலங்காரம். ஆனால் ஐலிஃப் எங்கே கேட்டான்? முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே போவான். "தீ அணைஞ்சாச்சு, புகை போயாச்சு. அப்புறம் எதுக்கு இந்த மூக்கணாங்கயிறு?" என்பான். கண்ணுக்குத் தெரிகிற புகை போய்விட்டது, அவ்வளவுதான். உருகிய பிளாஸ்டிக், பசை தடவிய பலகை, மெத்தை, பெயின்ட் எல்லாம் ஆறிய பிறகும் நாள்கணக்கில் நஞ்சைக் கக்கிக்கொண்டிருக்கும். ஒரு பலகையைப் புரட்டினால் போதும், நேற்றைய தீ மொத்தமும் தூளாகி மூக்குக்குள் போகும். பெரிய தீ ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவன் வாரக்கணக்கில் இருமுவான். கேட்டால் கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம். கடல் காற்றிலேயே பிறந்து வளர்ந்தவன்!

இந்த வசந்தத்தில், எரிந்த இடங்களில் சேர்ந்து வேலை செய்கிற எங்கள் ஆட்கள் ஓட்டுப் போட்டு என்னைப் பாதுகாப்புப் பிரதிநிதி ஆக்கினார்கள். உயிருக்கு ஆபத்து என்று பிரதிநிதி வேலையை நிறுத்தினால், அதிகாரியே வந்தாலும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் இங்கே சட்டம். முதல் காரியமாக நான் ஐலிஃபை நாற்காலியில் உட்காரவைத்து, முகமூடியை மாட்டி, தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூடாரத்தைக் கவிழ்த்து, அதற்குள் கசப்பு மருந்தைப் பீச்சினேன். முகமூடி சரியாகப் பொருந்தியிருந்தால் கசப்பு தெரியாது.

"என்ன, ஏதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல" என்றான். முகம் மீனெண்ணெய் விழுங்கிய குழந்தையின் முகம்.

"பொய் சொல்லாத. கண்ணுல தண்ணி வருது."

"அது உன் மேல உள்ள பாசம்."

"தாடியை எடுக்கிற வரைக்கும் நீ உள்ள போகக் கூடாது. சொல்லிட்டேன்."

"நாடகம் முடியட்டும் துரிட். ஆகஸ்ட்ல பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் விட்டேன். ஜூலை மாதத்தில் ஊர் மன்றம் எரிந்தது.

மன்றத்தின் பின்பக்கக் கொட்டகைதான் முதலில் பிடித்தது. நாடகத்துக்கான உடுப்பு, கேடயம், வாள் எல்லாம் அங்கேதான் இருந்தன. யாருக்கும் அடியில்லை. ஆனால் விடிவதற்குள் ஊர் தீர்ப்பு சொல்லிவிட்டது, யோருனின் சிகரெட்தான் காரணம் என்று. யோருன் மன்றத்தைப் பார்த்துக்கொள்கிறவள். தரை துடைப்பாள், விளக்கு மாற்றுவாள், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் காபி போடுவாள். கொட்டகையின் பின்கதவருகே ஒரு தகர டப்பாவை வைத்துக்கொண்டு புகைப்பாள். ரகசியம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். மன்றக் கமிட்டி அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றது. கடையில் அவளைக் கண்டவர்கள் திடீரென்று ரொட்டி வகைகளை ஆராய ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள். வேறு பக்கம் பார்ப்பார்கள். அதற்குத் திட்டே தேவலை.

கொட்டகைச் சுவர் பழைய அஸ்பெஸ்டாஸ் பலகை. நுரையீரலை அரிக்கும் அதன் தூள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பக்கம் பறக்கும் என்பதால், வெள்ளிக்கிழமையே இயந்திரத்தை விட்டு எல்லாவற்றையும் அள்ளிவிடுவதாக முடிவாயிற்று. அள்ளிவிட்டால் காரணம் என்னவென்று யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை. யோருனின் பெயரில்தான் அந்தத் தீ நிற்கும்.

வேறு புலனாய்வாளரை வரவழைக்கலாம் என்றால் ஜூலை. நாடே விடுமுறை எடுத்து மலைக் குடிசையில் கிடக்கிற மாதம். தாடிக்காரர்களும் போடக்கூடிய, காற்று ஊதும் தலைக்கூடு ஒன்று நகரத்தில் இருக்கிறது. ஃபோன் செய்தேன். விடுமுறை முடிந்ததும் பேசுவதாக ஒரு இயந்திரக் குரல் சொன்னது.

புதன்கிழமை காலையில் ஐலிஃப் போலீஸ் கட்டிய தடுப்பு நாடாவைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழையப் பார்த்தான். நான் குறுக்கே நின்றேன்.

"நிறுத்து. இந்த வேலையை நான் நிறுத்துறேன்."

"உனக்குப் பைத்தியமா? வெள்ளிக்கிழமை எல்லாம் போயிடும்!"

"அஸ்பெஸ்டாஸ். முகமூடி ஒட்டல. பிரதிநிதியா சொல்றேன், உள்ள போகாத."

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. அதுக்குப் பக்கத்துல நுரையீரலும் இருக்கு. உனக்கும்தான்."

நாடாவுக்கு அந்தப் பக்கம் யோருன் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. நல்ல வெயிலில், முகத்தை மறைக்கத் தொப்பி வைத்த மழைச்சட்டை போட்டிருந்தாள்.

"ஐலிஃப், நான் தண்ணில நனைச்சுட்டுத்தான் டப்பால போடுவேன். எப்பவும். நீ நம்புறியா?"

"நம்புறது என் வேலை இல்ல யோருன்" என்றான் அவன் மெதுவாக. "பாக்குறதுதான் என் வேலை."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு காரில் ஏறிப் போய்விட்டான். சட்டம் என் பக்கம்தான், ஆனாலும் அந்த மழைச்சட்டையைப் பார்க்கவே முடியவில்லை.

மதியம் மோல்ஃப்ரிட் ஃபோன் செய்தாள். பேச முடியாமல் சிரித்தாள்.

"துரிட், சீக்கிரம் வா. ஆட்டு ரோமம் வெட்டுற கத்திரியை எடுத்துட்டு உக்காந்திருக்கான். பாதி போச்சு!"

நான் போனபோது பாதிக்கு மேல் போயிருந்தது. தரையெல்லாம் செம்பட்டை. ஐலிஃப் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மோல்ஃப்ரிட் சோப்பு நுரையைத் தடவி மீதியை மழித்தாள். நுரையைத் துடைத்ததும் தாடை தெரிந்தது. கன்னத்தின் மேல்பகுதி வெயிலில் காய்ந்த சிவப்பு, கீழ்ப்பகுதி அவித்த உருளைக்கிழங்கு. மோவாயின் நடுவில் ஒரு சின்னக் குழி.

"அட, குழி!" என்றாள் மோல்ஃப்ரிட். "இத்தனை நாள் எனக்குக் காட்டாம வச்சிருந்தியே, திருடா!" அந்த இடத்திலேயே ஒரு முத்தம் கொடுத்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பழக்கம்.

அவனே நாடக இயக்குநரைக் கூப்பிட்டான். "உன் ராஜா போயிட்டான்" என்றான். அந்தப் பக்கத்திலிருந்து, "முகம் மழிச்ச சாமியார் வேஷத்துக்கு ஆள் கிடைக்காம இருக்கேன், வர்றியா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. ஐலிஃப் வந்த சிரிப்பில் மறுபடி இருமினான்.

கசப்புச் சோதனையை மறுபடி செய்தேன். முழுக் குப்பியையும் பீச்சினேன், கொஞ்சம் பழிவாங்கலும் உண்டு. அவன் முகம் அசையவில்லை.

வியாழக்கிழமை உள்ளே போனோம். முழு உடுப்பு, இரட்டைக் கையுறை, முகமூடி. தூசு எழும்பாமல் தண்ணீரை மெல்லத் தூவிக்கொண்டு, அடுக்கடுக்காக அள்ளினான். ஒயரில் கோளாறு இல்லை என்று நான் கைகாட்டினேன். பின்கதவுக்குப் போனோம். யோருனின் தகர டப்பா அப்படியே இருந்தது, அடியில் தரைப்பலகை கரியே படாமல். எதிர் மூலைக்குப் போனான். அங்கேதான் தரை ஆழமாக எரிந்து குழிந்திருந்தது. குழியின் நடுவில் கட்டியாகக் கரிந்த துணி, மடிப்பு மடிப்பாக.

ஐலிஃப் குந்தி உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு முகமூடிக்குள்ளிருந்து ஒரு சத்தம். மூச்சுத் திணறுகிறதோ என்று பதறிப்போனேன். சிரிக்கிறான்!

எனக்கும் புரிந்தது. தீப்பிடித்த அன்று சாயங்காலம் ஊரே கூடி, கூலியில்லாமல், நாடகத்துக்காகக் கட்டிய மரக்கப்பலுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசியது. எண்ணெய்த் துணியை வெளியில் விரித்துக் காயப்போட வேண்டும் என்று எண்ணெய் டப்பாவிலேயே எழுதியிருக்கும். குவித்து வைத்தால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். நாங்கள் யார்? சுத்தக்காரர்கள். கந்தலை வெளியே போட்டால் அசிங்கம் என்று, எல்லாத் துணியையும் அழகாக மடித்து, ஒரே அட்டைப்பெட்டியில் அமுக்கி, மூலையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். அன்று அங்கே இல்லாத ஒரே ஆள் யோருன். பல் வலி என்று மதியமே வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தாள்.

வெளியே நாடாவைச் சுற்றி ஊர் நின்றது. ஐலிஃப் முகமூடியைக் கழற்றாமலே கத்தினான்: "எண்ணெய்த் துணி! ஊரே சேர்ந்து கொளுத்தியிருக்கோம்! யோருன் இல்ல!"

யோருன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். ஐலிஃப் பாய்ந்து பின்வாங்கினான். "தொடாத! உடுப்பெல்லாம் நஞ்சு!" அவள் நிற்கவில்லை. அவன் கழுவத் தண்ணீருக்காக நின்ற தீயணைப்பு வண்டியைச் சுற்றி ஓட, அவள் பின்னால் ஓட, நான் நடுவில் புகுந்து அவளைப் பிடித்து, காற்று வீசும் பக்கமாக நிறுத்தி, கையில் தண்ணீர்க் குழாயைக் கொடுத்தேன்.

"கட்டிப்பிடிக்கிறது அப்புறம். முதல்ல கழுவு. தள்ளி நின்னே கழுவு, மெதுவா."

கழுவுவது அவள் தொழில். "திரும்பு" என்றாள். "கையைத் தூக்கு. அக்குள்ல கரி இருக்கு. என் தரைன்னா இப்படி விடுவேனா?" ஊர் முதலில் தயங்கி, பிறகு வாய்விட்டுச் சிரித்தது. இந்த முறை எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். கரித்தண்ணீர் ஓடி, தெளிந்த தண்ணீர் வரும் வரை அவள் விடவில்லை. அவள் முகமும் நனைந்திருந்தது, குழாய்த் தண்ணீர் அந்தப் பக்கம் தெறிக்கவேயில்லை.

உடுப்பை நான் உரித்துப் பைக்குள் கட்டினேன். கடைசியாக முகமூடியைக் கழற்றலாம் என்று தலையாட்டினேன். கழற்றினான். யோருன் அந்த வெள்ளைத் தாடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"மூச்சு விடுடா" என்றாள்.

அவன் விட்டான், இருமாமல். தீப்பிடித்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை அவளும் விட்டாள்.